இங்கு யாவரும் நலம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு 'கடித இலக்கியம்' என்பது. ஆற்றுப் பெருக்குப் போன்ற தலைப்பு. அதிலிருந்து ஒரு சிறு வாய்க்காலை மட்டும் திருப்பிக்கொள்ள உங்கள் இசைவை வேண்டுகிறேன். பணி ஓய்வு பெற்று ஊரில் தங்கிவிட்ட ஒருவர், தொலைவில் வாழும் பிள்ளைகளுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் எழுதும் அன்றாடக் கடிதமே அந்த வாய்க்கால். மழை பெய்தது, முருங்கை பூத்தது, பக்கத்து வீட்டார் குடி மாறினர், ஓய்வூதியம் வந்தது என்று எழுதப்படும் கடிதம். இதில் இலக்கியம் எங்கே உள்ளது என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு விடை காண்பதே என் உரையின் நோக்கம்.

இத்தலைப்பைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இந்த வட்டத்தில் பத்தாண்டுகளில் பிரிவைப் பற்றிய கவிதைகள் பல படிக்கப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை ஊரை விட்டுச் சென்றவர் பாடியவை. அல்லது அவர் பாடுவதாக நாம் பாடியவை. பனி பொழியும் நகரில் இருந்துகொண்டு வேப்பமரத்தை நினைப்பவரின் குரல் அது. அந்த வேப்பமரத்தடியிலேயே இருந்துவிட்டவரின் குரல் நம் கவிதையில் அருகியே ஒலிக்கிறது. இந்த அவையில் அமர்ந்திருப்போரில் பலர் அவ்வாறு இருந்துவிட்டவர்களே. நம் பிள்ளைகளில் சிலர் சென்னையிலும் பெங்களூரிலும், சிலர் வளைகுடா நாடுகளிலும், சிலர் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வாழ்கின்றனர். அவர்களுக்கு நாம் என்ன எழுதுகிறோம், எப்படி எழுதுகிறோம் என்பது நம் மொழியைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

பழம்பாடல்களில் ஊரிலிருந்து வந்த செய்தி

முதியவர் ஒருவர் தம் அன்றாட வாழ்வைத் தொலைவிலிருந்தோர்க்கு எடுத்துரைக்கும் வழக்கம் நம்மிடையே புதிதன்று. புறநானூற்றின் 191ஆம் பாட்டை நினைவு கூருங்கள். ஆண்டுகள் பல கடந்தும் தலை நரைக்கவில்லையே, எப்படி என்று பிசிராந்தையாரைச் சோழ நாட்டார் கேட்கின்றனர். அவர் தத்துவம் பேசவில்லை; தம் வீட்டு நிலவரத்தைச் சொல்கிறார். மனைவி மாண்புடையவள், மக்கள் அறிவு நிரம்பியவர்கள், ஏவலர் தம் எண்ணப்படி நடப்பவர்கள், அரசன் தீங்கு செய்யாமல் காப்பவன், இவை எல்லாவற்றுக்கும் மேலாகத் தம் ஊரில் அடக்கமுடைய சான்றோர் பலர் வாழ்கின்றனர் என்று அடுக்குகிறார். வீட்டில் தொடங்கி ஊரில் முடியும் ஒரு பட்டியல். 'இங்கு யாவரும் நலம்' என்ற தொடரின் முழு விரிவுரை இந்தப் பாட்டு என்றால் அது மிகையாகாது. இந்த வரிசையை நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். பின்னர் இதற்கு மீண்டும் வருவேன்.

பிள்ளையைப் பிரிந்த பெற்றோரின் மனத்தைக் காட்டும் பாடல்கள் அகத்திலும் உண்டு. நற்றிணை 184ஆம் பாட்டில், தலைவனோடு சென்றுவிட்ட ஒரே மகளை நினைத்துத் தாய் வருந்துகிறாள். அவளை வருத்துவது எது? மகள் ஆடிய நொச்சி மரமும் திண்ணையும் கண்ணில் படுவது. பொருள்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, ஆடியவள் இல்லை. நற்றிணை 110 இதன் மறுபக்கம். பொற்கிண்ணத்துப் பாலை வேண்டாமென்று பந்தலுக்கு ஓடிய சிறுமி, புகுந்த வீட்டின் வறுமையில் ஒரு வேளை விட்டு ஒரு வேளை உண்கிறாள். தந்தை வீட்டுச் சோற்றை நினைப்பதும் இல்லை. இந்த அறிவை எங்கே கற்றாள் என்று வியக்கிறார்கள். தொலைவிலுள்ள மகளைப் பற்றி வீட்டுக்கு வந்து சேர்ந்த செய்தி அது. செய்தியின் உள்ளடக்கம் ஒரு வேளை உணவுதான். அந்த ஒரு வேளை உணவு இரண்டாயிரம் ஆண்டுகளாக நம்மை உருக்குகிறது.

சிலப்பதிகாரத்தில் ஓர் இடத்தை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. புறஞ்சேரி இறுத்த காதையில் கோசிகமாணி வழியில் கோவலனைச் சந்திக்கிறான். மகனைப் பிரிந்த பெற்றோர் மாணிக்கத்தைப் பறிகொடுத்த பாம்பின் நிலையில் இருப்பதைச் சொல்கிறான். மாதவி கொடுத்தனுப்பிய ஓலையையும் நீட்டுகிறான். படித்த கோவலன் என்ன செய்தான்? அந்த ஓலையின் சொற்கள் தன் பெற்றோருக்குத் தான் எழுத வேண்டிய சொற்களாகவும் அமைந்திருப்பதைக் கண்டு, அதையே அவர்களிடம் காட்டுமாறு சொல்லி அனுப்பிவிடுகிறான். மாசாத்துவானுக்கு மகனிடமிருந்து சென்ற ஒரே முடங்கல் மகன் எழுதியதன்று. வேறொருத்தி அவனுக்கு எழுதியது. பெற்றோருக்குத் தனியாக ஓர் ஓலை எழுதப் பிள்ளைகளுக்குப் பொழுது வாய்ப்பதில்லை என்பதை இளங்கோவடிகள் அன்றே கண்டிருக்கிறார்! வந்த செய்தியைத் திறந்து பார்த்து அப்படியே அடுத்தவருக்கு அனுப்பிவைக்கும் இன்றைய கைப்பேசி வழக்கத்தை நினைத்துக்கொண்டால் சிரிப்பு வரும். ஆயினும் கோவலனுடைய முடிவை எண்ணினால் அந்தச் சிரிப்பு அடங்கிவிடும்.

அறிவுரைக் கடிதமும் அன்றாடக் கடிதமும்

அச்சேறிய கடிதங்களுள் நமக்கு நன்கு அறிமுகமானவை அறிவுரைக் கடிதங்கள். 1928இல் முசூரியில் இருந்த பத்து வயது மகள் இந்திராவுக்கு நேரு எழுதியவை உலகத்தின் தோற்றத்தையும் மனித நாகரிகத்தின் வளர்ச்சியையும் கற்பிப்பவை. டாக்டர் மு.வ. அன்னைக்கு, தம்பிக்கு, தங்கைக்கு, நண்பர்க்கு என எழுதிய கடித நூல்கள் கற்பனை உறவுகளின் வாயிலாக ஒரு தலைமுறைக்கே நெறி கூறின. இவற்றின் பெருமை குறைவற்றது. எனினும் இவற்றில் உறவு ஒரு வாயில்; அதன் வழியே நுழைவது கருத்து.

மற்றொரு வகை உண்டு. புதுமைப்பித்தன் தம் துணைவியார் கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்ற பெயரில் நூலாகியுள்ளன. சிறுகதையில் உலகத்தையே எள்ளி நகையாடிய அந்தப் பேனா, மனைவிக்கு எழுதும்போது பணம் அனுப்புவதையும் உடல்நலத்தையும் பற்றிக் கவலைப்படுகிறது. அறநிலையத் துறைப் பணியை முடித்துக்கொண்டு குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி., நண்பர்களுக்கு எழுதிக் குவித்த கடிதங்களும் இவ்வகையைச் சார்ந்தவையே. ஓய்வு என்பது எழுதாதிருத்தல் அன்று என்பதற்கு நம் மாவட்டமே தந்த சான்று அவர். வல்லிக்கண்ணன் அவர்களின் அஞ்சலட்டை வராத இளம் எழுத்தாளர் ஒரு காலத்தில் அரியவர். வண்ணதாசன் அவர்களின் 'எல்லோர்க்கும் அன்புடன்' தொகுப்பைப் படித்தோர், தெருவும் மரமும் எதிர்ப்பட்ட முகமும் ஒரு கடிதத்தின் முழுப்பொருளாக முடியும் என்பதை அறிவர். நான் பேச வந்த முதியோர் கடிதத்துக்கு இவர்களே முன்னோர்.

உறையின் வெளிப்புறம் மட்டும் படித்தவன்

என் தொழிலைப் பற்றிச் சில சொற்கள். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆர்.எம்.எஸ். என்னும் ரயில்வே அஞ்சல் பிரிவில் கடிதங்களைப் பிரித்தவன் நான். 2011இல் ஓய்வு பெற்றேன். எழுத்தாளர்கள் கடிதத்தின் உட்புறத்தைப் படிப்பவர்கள். நான் வெளிப்புறத்தை மட்டும் படித்தவன். அஞ்சலட்டை திறந்தே கிடக்கும். அதையும் படிக்கலாகாது என்பது விதி. படிக்கப் பொழுதும் கிடையாது.

1879இல் கால் அணா விலையில் இந்தியாவில் அஞ்சலட்டை வந்தது. 1950இல் உள்நாட்டுக் கடிதம், அதாவது இன்லண்ட் லெட்டர், வந்தது. 1972 ஆகஸ்டு 15 முதல் ஆறு இலக்கப் பின்கோடு நடைமுறைக்கு வந்தது. இவை மூன்றும் நம் கடிதத்தின் வடிவத்தை மாற்றின. அட்டை சுருக்கத்தைக் கற்பித்தது. உள்நாட்டுக் கடிதம் அளவைக் கற்பித்தது. மடிப்புக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். இடம் போதாதபோது ஓரங்களில் தாளைத் திருப்பித் திருப்பி எழுதியவர்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நாற்புறமும் எழுத்து ஓடும் அந்தத் தாள்களைக் காணும்போதெல்லாம் சித்திரகவி நினைவுக்கு வரும்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஊரும் பெயரும் வேண்டா. ஒவ்வொரு வாரமும் ஒரே நாளில் ஒரே கையெழுத்தில் பம்பாய் முகவரி ஒன்றுக்கு ஓர் உள்நாட்டுக் கடிதம் என் கையில் வரும். பெறுநர் பெயரை வைத்து அது மகனுக்குத் தந்தை எழுதுவது என்று ஊகித்திருந்தேன். ஆண்டுகள் செல்லச்செல்ல அந்த எழுத்து பெரிதாயிற்று. பிறகு வரி கீழ்நோக்கிச் சாய்ந்தது. பிறகு ஒருநாள் அதே முகவரி வேறொரு கையெழுத்தில், இளைய கையெழுத்தில், வந்தது. அடுத்த வாரமும் அந்த இளைய கையே எழுதியது. அதன்பின் வரவில்லை. உட்புறத்தில் ஒவ்வொரு வாரமும் 'நலம்' என்றுதான் எழுதியிருப்பார். வெளிப்புறத்தைப் பார்த்த எனக்கே தெரிந்தது அவர் நலம் எப்படி இருந்தது என்பது. கையெழுத்து ஒரு மருத்துவ அறிக்கை. அச்செழுத்தில் அந்த அறிக்கை கிடையாது.

கடிதத்தின் உறுப்புகள்

முதியோர் கடிதத்துக்கு ஓர் அமைப்பு உண்டு. உச்சியில் பிள்ளையார் சுழியோ 'சிவமயம்' என்பதோ 786 என்பதோ ஒரு சிலுவையோ இருக்கும். வலப்புறம் ஊரும் தேதியும். பின்பு விளி. ஒரு காலத்தில் 'சிரஞ்சீவிக்கு அநேக ஆசீர்வாதம், இவ்விடம் க்ஷேமம்' என்று இருந்தது. தனித்தமிழ் உணர்வு பரவிய பின் 'அன்பு மகனுக்கு, நலம், நலமறிய ஆவல்' என்று ஆயிற்று. சொல் மாறியதே ஒழியப் பணி மாறவில்லை. அதற்குப் பின் மழை, விளைச்சல், விலைவாசி, கோயில் விழா, உறவினர் வீட்டு நன்மை தீமைகள். இறுதியில் 'உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்'. அதற்கும் கீழே பின்குறிப்பு.

இந்தப் பின்குறிப்பைக் கவிஞர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். பெரும்பாலும் கடிதம் எழுதப்பட்டதே அதற்காகத்தான். நான்கு பக்கம் ஊர்க்கதை எழுதிவிட்டு, 'பி.கு.: பொங்கலுக்கு வர இயலுமா என்று தெரிவிக்கவும். அவசரம் இல்லை' என்று முடிப்பார்கள். அந்த 'அவசரம் இல்லை' என்பதில் உள்ள அவசரத்தை எந்தப் பெரும்புலவர் பாடிவிட முடியும்?

உள்ளுறையும் முருங்கைக்காயும்

இப்போது என் கருத்தின் மையத்துக்கு வருகிறேன். 'நலம்' என்ற சொல் பொய் சொல்ல வல்லது. முதியோர் அதை அன்பினால் பொய்யாகப் பயன்படுத்துகின்றனர். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பிள்ளை, அறிந்தால் என்ன செய்ய முடியும், தூக்கம்தானே கெடும் என்று கருதி மறைக்கின்றனர். ஆனால் பொருள்கள் பொய் சொல்வதில்லை.

எனக்கு நெருங்கிய நண்பர் ஒருவர் தம் மகனுக்கு எழுதிய கடிதத்தில், 'இவ்வாண்டு முருங்கைக்காய் பறிக்கப்படாமலே மரத்தில் முற்றி நெற்றாகிவிட்டது' என்று ஒரு வரி எழுதினார். வேறொன்றும் எழுதவில்லை. நலம் என்றே தொடங்கி நலம் என்றே முடித்திருந்தார். படித்த மகன் அன்றிரவே தொலைபேசியில் அழைத்து, 'அப்பா, உங்களுக்குத் தோள் வலியா?' என்று கேட்டான். துறட்டி பிடிக்கக் கை உயரவில்லை என்பதை அவன் அந்தக் காயிலிருந்து படித்துவிட்டான். அப்படிப் படிக்கும் என்று தந்தை எழுதினாரா, எழுதாமல் எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

அன்பர்களே, இதற்குத் தொல்காப்பியர் பெயர் வைத்திருக்கிறார். உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் நாம் பாடம் கேட்டது இதைத்தான் அன்றோ? நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் பறவையும் உணவும் தொழிலும் கருப்பொருள். அவற்றினூடே சொல்லாமல் நிற்பது உரிப்பொருள். ஊரும் தேதியும் மழையும் முதலில், முருங்கையும் மாட்டுத் தொழுவும் அடுத்து, பிரிவின் துயர் எங்கும் சொல்லப்படாமல். முதியோரின் அன்றாடக் கடிதம், அவர் அறியாமலேயே, அகப்பாட்டின் இலக்கணத்தில் நிற்கிறது. பிரிதல் பாலைக்குரியது, இருத்தல் முல்லைக்குரியது என்பர். காதலனுக்காகக் காத்திருக்கும் முல்லையை நிறையப் பாடிவிட்டோம். பிள்ளைக்காகக் காத்திருக்கும் முல்லை ஒன்று இருக்கிறது. அதற்குக் கார்காலம் என்று ஒரு வரையறை கிடையாது. விடுமுறையும் விசாவும்தான் அதன் பெரும்பொழுது.

ஆகவே, இவற்றை வெறும் சில்லறைச் செய்தி என்று ஒதுக்குவோர்க்கு என் விடை இதுதான்: கருப்பொருள் இல்லாத அகப்பாட்டு இல்லை, சில்லறைச் செய்தி இல்லாத அன்புக் கடிதமும் இல்லை.

'யாவரும்' என்ற சொல்

இனி என் அனுபவம் சிறிது. ஓய்வு பெற்ற நாள்முதல் ஞாயிற்றுக்கிழமைதோறும் நியூ ஜெர்சியில் உள்ள மகனுக்கும் மெல்பர்னில் உள்ள மகளுக்கும் எழுதிவருகிறேன். எழுதத் தொடங்கிய காலத்தில் வீட்டில் இருவர் இருந்தோம். நான் எழுதுவேன்; என் துணைவி ஒவ்வொரு பத்தியாகக் கேட்டு, விட்டுப்போனதைச் சொல்வாள். 'சொதி வைத்தோம் என்று எழுதினீர்களே, இஞ்சித் துவையல் அரைத்ததை எழுதவில்லையே' என்பாள். செய்தி முழுமை பெறுவது அவளால்தான்.

2019இல் அவள் மறைந்தாள். பிள்ளைகள் வந்து இருந்து, கடமைகளை முடித்துச் சென்றபின், முதல் ஞாயிறு எழுத அமர்ந்தேன். 'இங்கு யாவரும்' என்று எழுதியவுடன் கை நின்றது. யாவரும் என்பது பன்மை. வீட்டில் இருப்பது ஒருமை. 'நான் நலம்' என்று எழுதினால் அந்தத் தாள் என் பிள்ளைகளுக்கு என்ன சொல்லும் என்பதை எண்ணிப் பார்த்தேன். நெடுநேரம் கழித்து, அந்தப் பன்மையை விடுவதில்லை என்று முடிவு செய்தேன். யாவரும் என்பதில் யார் யார் அடங்குவர் என்று எண்ணத் தொடங்கினேன். மாடியில் குடியிருக்கும் ஆசிரியைக் குடும்பம், காலையில் நாளிதழ் போடும் கல்லூரி மாணவன், பால்காரர், முடிதிருத்தும் நிலையத்து முதலாளி, கிணற்றடிக்கு வரும் அணில், பத்தாம் வகுப்பில் மீண்டும் தேர்வு எழுதும் எதிர் வீட்டுப் பையன். அவர்கள் நலமா என்று அறிந்தாலன்றி அந்த வரியை எழுதக்கூடாது என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். அதனால் சனிக்கிழமைதோறும் தெருவில் இறங்கிக் கேட்க வேண்டியதாயிற்று. பிசிராந்தையாரின் பட்டியல் மனைவியில் தொடங்கி ஊரில் முடிந்தது. என் பட்டியல் ஊரில் தொடங்க வேண்டியிருந்தது. ஊரில் சான்றோர் வாழ்வதை அவர் ஏன் இறுதியில் வைத்துச் சிறப்பித்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

2020 மார்ச்சில் பன்னாட்டு வானூர்திகள் நின்றுபோயின. எழுதிய தாளைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பக் கற்றுக்கொடுத்தவன் அந்த எதிர் வீட்டுப் பையன். அன்று முதல் கடிதம் நிமிடத்தில் சென்று சேர்கிறது. மூலத்தாள் என்னிடமே தங்கிவிடுகிறது.

பின்னர் 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்கள் வந்தன. இந்த அவையில் அந்நாட்களை மறந்தவர் இருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை கடந்தது. குறுக்குத்துறை முருகன் கோயிலை வெள்ளம் மூழ்கடிப்பது நமக்குப் பழகிய காட்சி. சந்திப்புப் பகுதித் தெருக்களில் படகு சென்றதோ பழகாத காட்சி. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. உலகமெல்லாம் நம் பேருந்து நிலையத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது. நம் பிள்ளைகளுக்கு நாம் உயிரோடிருக்கிறோமா என்பது மட்டும் தெரியவில்லை. மாடியில் ஆசிரியை வீட்டில் இரண்டு இரவு தங்கினேன். அவர்கள் கிண்டிய உப்புமாவைத் தெருவில் எட்டு வீட்டார் பகிர்ந்து உண்டோம்.

தொடர்பு மீண்டதும் பிள்ளைகளிடம் பேசினேன். ஒரு நிமிடம். 'நலம்' என்றேன், அவர்கள் அழுதார்கள். ஆனால் அந்த ஞாயிற்றுக் கடிதத்தில்தான் செய்தி இருந்தது. தண்ணீர் சன்னல் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது, பரணில் இருந்த கடிதக் கட்டுகள் நனையவில்லை, அரிசிப் பானை மிதந்தது என்று வரிசையாக எழுதிவந்தேன். ஒரு வரி இது: 'தையல் எந்திரத்தின் மிதிபலகை சேறு படிந்து துருவேறிவிட்டது, எண்ணெய் விட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன்.' அவளைப் பற்றி நான் வேறு ஒன்றும் எழுதவில்லை. நான்கு ஆண்டுகளில் தன் தாயைப் பற்றி என்னிடம் வாய்திறந்து பேசாத என் மகன், அந்தக் கடிதத்தைப் படித்த அன்று ஒரு மணி நேரம் அவளைப் பற்றியே பேசினான். தன் பள்ளிச் சீருடைக்கு அவள் வைத்த உள்மடிப்பு, ஆண்டுதோறும் அவன் வளர வளரப் பிரித்துவிட்டது வரை பேசினான். தொலைபேசி திறக்காத கதவை ஒரு மிதிபலகை திறந்தது.

தொலைபேசிக்கு நான் பகைவன் அல்லேன்

தொலைபேசியையும் காணொளி அழைப்பையும் பழிப்பது என் கருத்தன்று. பொதுத் தொலைபேசிச் சாவடியில் ஓடும் மீட்டரைப் பார்த்தபடியே பேசிய 1990களை நாம் அறிவோம். இன்று பேரப் பிள்ளை பல் முளைத்து முதன்முதலாகச் சிரிப்பதை நேரில் காண்பதுபோல் காண்கிறோம். இது பெரும்பேறு. ஆனால் அழைப்புக்கு இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். நியூ ஜெர்சி நமக்குக் கோடையில் 9½ மணி நேரமும் குளிர்காலத்தில் 10½ மணி நேரமும் பின்னால் இருக்கிறது. மெல்பர்ன் பருவத்துக்கேற்ப 4½ அல்லது 5½ மணி நேரம் முன்னால் இருக்கிறது. இரு பக்கமும் இழுபடும் கயிற்றின் நடுமுடிச்சுப் போல நாம் இருக்கிறோம். அழைப்பில் கேள்வி வேகமாக வரும்; 'சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா' என்ற இரண்டுக்கும் 'ஆம்' என்றதும் பேச்சு வற்றிவிடும். கடிதமோ காத்திருக்கும். படிப்பவருக்கு மனம் வாய்க்கும் வேளையில் தன்னைத் திறந்து காட்டும்.

வேறொரு பயனும் உண்டு. ஓய்வூதியர் ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்றிதழ் அளிக்க வேண்டும். 2014 முதல் அதை விரல் ரேகை பதித்து மின்னணு முறையிலும் அளிக்கலாம். உயிரோடு இருக்கிறோம் என்பதற்கு அரசுக்கு விரல் போதும். வாழ்கிறோம் என்பதற்குப் பிள்ளைகளுக்கு அது போதாது. வாரந்தோறும் எழுதும் கடிதமே நாம் அவர்களுக்கு அளிக்கும் சான்றிதழ்.

எழுதினால் படிப்பார் யார் என்ற கேள்வி எஞ்சுகிறது. இதுவே எனக்குப் பெருங்கவலை. மகன் படிப்பான், மகள் படிப்பாள். பேரப் பிள்ளைகள் தமிழைக் கேட்டால் அறிவார்கள். எழுத்தைக் கண்டால் அறியார். நம் கடிதம் ஒரு தலைமுறை தாண்டினால் ஓவியமாகிவிடும். விக்டோரியா மாநிலத்தில் பள்ளி இறுதித் தேர்வில் தமிழும் ஒரு பாடமாக உள்ளது என்பது ஆறுதல். ஆனால் பாடநூல் மட்டும் ஒரு குழந்தையைப் படிக்க வைக்காது. தனக்கென்று ஒருவர் எழுதிய தாள் வேண்டும். மெல்பர்ன் பேத்திக்கு ஒவ்வொரு வாரமும் தனியாக ஐந்து வரி, பெரிய எழுத்தில், ஒற்றும் புள்ளியும் தெளிவாக விளங்க எழுதுகிறேன். அணிலைப் பற்றியே எழுதுகிறேன். அணில் என்ன செய்தது என்று அறியத் தாயிடம் ஓடிக்கொண்டிருந்தவள், இவ்வாண்டு தானே எழுத்துக் கூட்டுகிறாள். 'தாத்தா, அணிலுக்கு மூன்று சுழி ணகரமா?' என்று கேட்டாள். ஒரு மொழியின் எதிர்காலம் சில வேளைகளில் ஓர் அணிலின் முதுகில் ஏறிச் செல்கிறது.

வட்டத்துக்கு ஒரு விண்ணப்பம்

தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிவுற்றது. பதிவு அஞ்சல் 2025இல் விரைவு அஞ்சலோடு இணைந்துவிட்டது. வடிவங்கள் போகும், அதற்காக வருந்திப் பயனில்லை. எழுதும் வழக்கம் போகாமல் காப்பதே நம் பொறுப்பு. டாக்டர் உ.வே.சா. தமக்கு வந்த கடிதங்களைப் பேணி வைத்தார். அவை 'கடிதக் கருவூலம்' என்று அச்சாகி இன்று ஒரு காலத்தின் வரலாறாக நிற்கின்றன. அவர் பேணியவை பெரும் புலவர்களின் கடிதங்கள் மட்டும் அல்ல என்பதும் கருதத்தக்கது.

எனவே பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டத்துக்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது, உறுப்பினர் ஒவ்வொருவரும் தொலைவிலுள்ள ஒருவருக்கு வாரம் ஒரு பக்கம் எழுத வேண்டும். அதில் பொருள்களின் பெயரைப் பெயராகவே எழுத வேண்டும். 'ஒரு மரம்' என்று எழுதாமல் பூவரசு என்றும், 'நெல்' என்று நிறுத்தாமல் கார், பிசானம் என்றும் எழுதுங்கள். அகராதி காக்கத் தவறும் சொல்லைக் கடிதம் காக்கும். இரண்டாவது, தேதி இடுங்கள். ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். மூன்றாவது, ஆண்டுக்கு ஒருமுறை, எழுதியவரும் பெற்றவரும் இசைந்தால், சில கடிதங்களை நம் கூட்டத்தில் படிப்போம். கவிதை படிக்கும் அதே மேடையில், அதே மதிப்போடு படிப்போம்.

கவிஞர்களுக்குத் தனியாக ஒரு சொல். நீங்கள் உவமை தேடி அலையும் வேளையில் உங்கள் தந்தையாரின் பழைய கடிதம் ஒன்றை எடுத்துப் படித்துப் பாருங்கள். அவர் எதையும் எதனோடும் ஒப்பிட்டிருக்க மாட்டார். கிணற்றில் எத்தனை உறை நீர் என்று எழுதியிருப்பார். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்குங்கள். அவர் உங்களிடம் சொல்லாமல் விட்டது அங்கே இருக்கும்.